கால்சியம் கூடினால் சைக்ளோஸ்போரின் ஏன் தோற்கிறது? மைட்டோகாண்ட்ரியத் துளை பற்றி ஒரு கேள்வி

கரைசல்:

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வின் தொடக்கத்தில் இருக்கிறேன். எலிக் கல்லீரலில் இருந்து பிரித்த மைட்டோகாண்ட்ரியாவில் வீக்கச் சோதனை செய்கிறேன். கால்சியம் மிகுந்தால் அவற்றின் உள்சவ்வில் ஒரு துளை திறந்து, அவை வீங்கும். 540 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் வழக்கமான முறைதான். மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம் புரதம். கால்சியம் 50 மைக்ரோமோலார் கொடுத்தால் சில நிமிடங்களில் வீங்குகிறது. முன்னதாகவே, நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தான சைக்ளோஸ்போரின் ஏ 1 மைக்ரோமோலார் போட்டிருந்தால் வீக்கமே இல்லை, கோடு நேராகப் போகிறது.

சிக்கல் இதற்குப் பிறகு. கால்சியத்தை 200 ஆக்கினால் அதே மருந்து இருந்தும் வீங்கிவிடுகிறது. சற்றுத் தாமதமாகிறது, அவ்வளவே. மருந்தை 5 மைக்ரோமோலாராகக் கூட்டியும் கோடு அதே இடத்தில்தான் சரிகிறது. புதிய குப்பியில் இருந்து கரைத்தும் பார்த்தாயிற்று.

கால்சியம் மருந்தோடு போட்டியிட்டு அதை விரட்டுகிறதா? அல்லது 200இல் திறப்பது வேறொரு துளையா? "சைக்ளோஸ்போரின் துளையை அடைக்கிறது" என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். நானும் அப்படியே எழுதலாமா?

இழைமணி:

அப்படி எழுதாதீர்கள். உங்கள் மருந்தில் குறை இல்லை, சோதனையிலும் இல்லை. நீங்கள் பார்ப்பதுதான் அந்த மருந்தின் இயல்பு.

ஹன்டரும் ஹாவொர்த்தும் 1979இல் இந்த ஊடுருவல் மாற்றத்தை விரிவாக விவரித்தபோதே, உள்சவ்வு ஏறத்தாழ 1500 டால்டன் வரையுள்ள மூலக்கூறுகளுக்கு வழிவிடுகிறது, அதற்கு உள்ளே கால்சியம் வேண்டும் என்று காட்டிவிட்டார்கள். இந்தத் துளை ஆய்வுக்குள் சைக்ளோஸ்போரின் வந்தது 1980களின் கடைசியில். குரோம்ப்டன் குழு 1988இல் இதய மைட்டோகாண்ட்ரியாவில் காட்டியது. அடுத்த ஆண்டு ஃபைஃபர் குழு கல்லீரலில் காட்டியது. நானோமோலார் அளவில் வேலை செய்யும் மருந்து கிடைத்ததும் எல்லாரும் "தடுப்பான்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் இந்த மருந்து துளையைத் தொடுவதில்லை. அது ஒட்டுவது மேட்ரிக்ஸில், அதாவது உள்சவ்வுக்கு உள்ளே இருக்கும் இடத்தில், இருக்கும் சைக்ளோபிலின் டி என்ற புரதத்தோடு. அந்தப் புரதம் துளையோடு சேர்ந்திருக்கும்போது கொஞ்சம் கால்சியமே துளை திறக்கப் போதும். மருந்து அதைப் பிரித்தெடுத்துவிட்டால் திறப்பதற்குக் கூடுதல் கால்சியம் வேண்டும். கூடுதல் வேண்டும் என்றுதான் சொல்கிறேன், திறக்கவே திறக்காது என்று அல்ல. அணையின் சுவரை உயர்த்துவது போல எண்ணிக்கொள்ளுங்கள். வெள்ளம் அந்த உயரத்தையும் தாண்டினால் வழியத்தான் செய்யும்.

மருந்தைக் கூட்டியும் மாற்றமில்லை என்றீர்களே, அதற்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லீரல் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு சைக்ளோபிலின் டி நூறு பிகோமோல் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். நீங்கள் போட்ட 1 மைக்ரோமோலார் என்பது ஒரு மில்லிகிராமுக்கு 2000 பிகோமோல். பிடிக்க வேண்டிய புரதம் முழுவதையும் பிடித்தாகிவிட்டது. மேலே ஊற்றும் மருந்துக்கு அங்கே வேலையே இல்லை.

மருந்துப்பெட்டி:

இழைமணி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கரைசல் கேட்ட "போட்டி" பற்றிய கேள்வி நியாயமானது, அதற்கு அவருடைய சோதனையிலேயே விடை இருக்கிறது. கால்சியமும் மருந்தும் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டால், மருந்தைக் கூட்டக் கூட வீக்கம் தள்ளிப்போக வேண்டும். ஐந்து மடங்கு கூட்டியும் அசையவில்லை. ஆகவே மருந்து ஒட்டும் இடத்தில் போட்டி இல்லை. கால்சியத்துக்கு வேறொரு இடம் இருக்கிறது. அங்கே அதோடு போட்டியிடுவது மெக்னீசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற அயனிகள். உள்ளே ஹைட்ரஜன் அயனி கூடினாலும் துளை அடங்கிவிடும்.

இன்னொன்று: சைக்ளோஸ்போரின் நோய் எதிர்ப்பை அடக்குவது கால்சினியூரின் என்ற நொதியைத் தடுத்துத்தான். டாக்ரோலிமஸ் என்ற மருந்தும் கால்சினியூரினைத்தான் தடுக்கிறது, ஆனால் துளையை ஒன்றும் செய்வதில்லை. நோய் எதிர்ப்பை அடக்காத அலிஸ்போரிவிர், நிம் 811 ஆகியவை கால்சினியூரினை விட்டுவிட்டு சைக்ளோபிலினை மட்டும் பிடிக்கின்றன. அவை துளைத் திறப்பைத் தள்ளிப்போடுகின்றன. ஆக கால்சினியூரினுக்கு இதில் பங்கில்லை. ஆய்வறிக்கையில் யாராவது கேட்பார்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீலவிளக்கு:

> வேறொரு துளையா?

எனக்கு இதைச் சட்டென்று ஒதுக்க மனம் வரவில்லை. ஹீ, லெமாஸ்டர்ஸ் இருவரும் 2002இல் "கட்டுப்பாட்டுள்ள துளை, கட்டுப்பாடற்ற துளை" என்று இரண்டு நிலைகளைப் பிரித்துச் சொன்னார்கள். கெட்டுப்போன சவ்வுப் புரதங்கள் ஒன்றுசேர்ந்து ஓட்டையாகின்றன. காவல் புரதங்களும் சைக்ளோபிலினும் அவற்றை மூடிவைத்திருக்கும்வரை கால்சியமும் சைக்ளோஸ்போரினும் அவற்றைக் கட்டுப்படுத்த முடியும். ஓட்டைகள் காவலரை விட அதிகமாகிவிட்டால் மருந்துக்குக் கட்டுப்படாது. கரைசலின் 200 மைக்ரோமோலார் அந்த இரண்டாம் நிலையாக ஏன் இருக்கக்கூடாது?

இழைமணி:

நல்ல எதிர்வாதம். ஆனால் 2005ஐ மறந்துவிடக்கூடாது. அந்த ஒரே ஆண்டில் நான்கு குழுக்கள் சைக்ளோபிலின் டி மரபணு நீக்கிய எலிகளைப் பற்றி எழுதின. பெர்னார்டி குழு அந்த எலிகளின் கல்லீரல் மைட்டோகாண்ட்ரியாவில் கால்சியத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பார்த்தது. துளை திறக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு கால்சியம் தேவைப்பட்டது. மருந்து போட்ட சாதாரண எலியின் மைட்டோகாண்ட்ரியாவும் அதே அளவில்தான் நின்றது. மரபணு நீக்கிய எலியில் மருந்து போட்டால் கூடுதலாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த உயர்ந்த அளவைத் தாண்டியதும் துளை திறந்தது.

இதில் இருந்து எனக்குத் தெரிவது: சைக்ளோபிலின் டி துளையின் உறுப்பு அல்ல, அதன் உணர்திறனைக் கூட்டும் துணைப் புரதம். மருந்தால் செய்ய முடிந்த அதிகபட்சம் அந்தத் துணையை நீக்குவதுதான். அதற்கு மேல் கால்சியம் தன் சொந்த வலிமையில் திறக்கிறது. 200இல் நடப்பதை விளக்க இரண்டாவது துளை தேவைப்படவில்லை. இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை, இந்தத் தரவுக்குத் தேவையில்லை என்கிறேன்.

நீலவிளக்கு:

ஒப்புக்கொள்கிறேன், பாதி அளவுக்கு. துளை எதனால் ஆனது என்பதே முடிவாகாதபோது "ஒரே துளை" என்று எப்படி உறுதியாகச் சொல்வது? உள்சவ்வின் குறுக்கே ஏடிபி, ஏடிபியின் முன்வடிவமான அடினோசின் டைபாஸ்பேட் இரண்டையும் மாற்றும் நியூக்ளியோடைடு கடத்தியை நீக்கிய கல்லீரலில் 2004இல் துளை திறந்தது, கூடுதல் கால்சியம் கேட்டது, சைக்ளோஸ்போரினுக்கும் பணிந்தது. 2013இல், ஏடிபியை உருவாக்கும் நொதியான ஏடிபி சின்தேஸின் இரட்டைகள்தான் துளை என்று இத்தாலியின் பதுவாவில் உள்ள பெர்னார்டி குழுவிடம் இருந்து வந்தது. வாக்கர் குழு அந்த நொதியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிய செல்களிலும் துளை தொடர்ந்து திறக்கிறது என்று காட்டியது. பிறகு 2019இல் கடத்தியின் வகைகளையும் சைக்ளோபிலின் டியையும் ஒன்றாக நீக்கினால் கல்லீரலில் துளை திறப்பதே நின்றுபோகிறது என்று மற்றொரு குழு. இதையெல்லாம் சேர்த்து வைத்தால் குறைந்தது இரண்டு வாசல்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இழைமணி:

அந்த 2019 வேலை உங்கள் பக்கம்தான் பேசுகிறது, மறுக்கவில்லை. இரண்டு வாசல் இருக்கலாம். ஆனால் "மருந்துக்குப் பணியும் வாசல் ஒன்று, பணியாத வாசல் மற்றொன்று" என்று பிரிப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை. சைக்ளோபிலின் எந்த வாசலில் நின்றாலும், கால்சிய அளவைக் கூட்டினால் அதன் உதவி இல்லாமலே திறக்கிறது. சைக்ளோபிலின் டி ஏடிபி சின்தேஸின் ஓஎஸ்சிபி என்ற காம்பில் ஒட்டுகிறது. கால்சியமோ வினையூக்க இடத்தில் மெக்னீசியம் உட்காரும் பள்ளத்தில் உட்காருகிறது என்று பதுவா குழு சொல்கிறது. இரண்டும் வெவ்வேறு இடங்கள். இந்த மாதிரியை நீங்கள் ஏற்காவிட்டாலும் தர்க்கம் மாறாது: மருந்து ஒரு இடத்தில் கை வைக்கிறது, கால்சியம் வேறு இடத்தில் தள்ளுகிறது.

அலைவரிசை:

துளையின் அடையாளம் பற்றிய விவாதத்துக்குத் தனி இழை போடலாம். கரைசலுக்கு உடனே உதவக்கூடியது அளவிடும் முறை. அதைப் பற்றிச் சொல்கிறேன்.

தம்பி, 200 மைக்ரோமோலாரை ஒரேயடியாக ஊற்றாதீர்கள். அரை மில்லிகிராம் புரதத்தில் அது மில்லிகிராமுக்கு 400 நானோமோல். ஒரே வீச்சில் அவ்வளவு கால்சியம், அதை உள்ளே விடும் யூனிபோர்ட்டர் என்ற வாய்க்கால் வழியாக நுழையும்போது சவ்வின் மின்னழுத்தம் சரிகிறது. மின்னழுத்தம் சரிவதே துளையைத் திறக்கத் தூண்டும். கூடவே எல்லா மைட்டோகாண்ட்ரியாவும் சம அளவில் கால்சியம் வாங்குவதில்லை. பலவீனமானவை முதலில் திறந்து, வைத்திருந்ததை வெளியே விடும். அதை மற்றவை வாங்கும். பிறகு அவையும் திறக்கும். இந்தச் சங்கிலியில் மருந்தின் பங்கு எவ்வளவு என்று வீக்கக் கோட்டை வைத்து யாராலும் பிரிக்க முடியாது.

கால்சியம் தாங்கும் திறனை அளவிடுங்கள். கால்சியம் கிரீன் 5என் சாயம் போட்டு, மில்லிகிராமுக்கு 10 அல்லது 20 நானோமோல் வீதம் சிறு துளிகளாக, நிமிடத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு துளிக்கும் ஒளிர்வு ஏறி இறங்கும். ஒரு கட்டத்தில் இறங்காமல் மேலே போய்விடும், அங்கேதான் துளை திறக்கிறது. அதுவரை கொடுத்த மொத்தத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். மருந்தோடும் மருந்தில்லாமலும் வரும் இரண்டு எண்களின் விகிதம்தான் நீங்கள் எழுத வேண்டியது. ஃபூரா 2 வேண்டாம், அது மிகக் குறைந்த கால்சியத்திலேயே நிறைந்துவிடும்.

கழுவும் கரைசலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈஜிடிஏ மிச்சம் இருந்தால் முதல் ஒன்றிரண்டு துளிகளை அது விழுங்கிவிடும். கடைசிக் கழுவலில் ஈஜிடிஏ இல்லாத கரைசல் பயன்படுத்துங்கள். சைக்ளோஸ்போரின் நீரில் கரையாது, பிளாஸ்டிக்கில் ஒட்டும். எத்தனாலில் கரைத்து, மைட்டோகாண்ட்ரியாவோடு கலந்து, ஓரிரு நிமிடம் விட்டு, அதன்பிறகே முதல் துளி. எத்தனால் மட்டும் போட்ட ஒப்பீடும் கட்டாயம்.

கரைசல்:

மிக்க நன்றி. துளித்துளியாகச் செய்யத் தொடங்குகிறேன். ஒரு சந்தேகம்: குவெட்டில் 200 மைக்ரோமோலார் என்றால் மேட்ரிக்ஸுக்குள் கட்டற்ற கால்சியமும் அதே அளவுக்கு ஏறிவிடுமா?

இழைமணி:

ஏறாது. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்த இடம், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

உள்சவ்வின் குறுக்கே ஏறக்குறைய 180 மில்லிவோல்ட், உள்பக்கம் எதிர்மின். அந்த இழுப்பில் கால்சியம் உள்ளே போகிறது. கூடவே பாஸ்பேட்டும் போகிறது. உள்ளே காரத்தன்மை இருப்பதால் இரண்டும் சேர்ந்து கரையாத கூட்டுப்பொருளாகப் படிகின்றன. எவ்வளவு கால்சியம் ஏற்றினாலும் பெரும்பகுதி இந்தப் படிவில்தான் போய்ச் சேரும். சால்மர்ஸும் நிக்கோல்ஸும் 2003இல் அளந்து காட்டினார்கள்: மொத்தக் கால்சியம் பல மடங்கு ஏறினாலும் உள்ளே கட்டற்ற கால்சியம் சில மைக்ரோமோலாரிலேயே நிற்கிறது. ஆக, கட்டற்ற அளவு பெரிதாக மாறாமலே, மொத்தச் சுமை ஒரு எல்லையைத் தாண்டும்போது துளை திறக்கிறது. "இத்தனை மைக்ரோமோலாரில் துளை திறக்கும்" என்று எழுதுவதை விட "மில்லிகிராமுக்கு இத்தனை நானோமோல் சுமையில்" என்று எழுதுவதுதான் சரி என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பாஸ்பேட் இங்கே இன்னொரு வேலையும் செய்கிறது. 2008இல் பெர்னார்டி குழு பாஸ்பேட்டுக்குப் பதில் ஆர்சனேட் அல்லது வனடேட் போட்டுச் சோதித்தது. சைக்ளோஸ்போரின் பலனளிக்கவே இல்லை. சைக்ளோபிலின் டி மரபணு நீக்கிய மைட்டோகாண்ட்ரியாவும் சாதாரணமானவை போலவே சீக்கிரம் திறந்தன. துளையை உண்மையில் அடக்கிவைப்பது பாஸ்பேட், சைக்ளோபிலின் அந்த இடத்தை மறைத்து நிற்கிறது, மருந்து அந்த மறைப்பை விலக்குகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். பாஸ்பேட் துளையைத் தூண்டும் என்று பழைய நூல்கள் சொல்வதோடு இதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய திருப்பம்! உங்கள் கரைசலில் பாஸ்பேட் எவ்வளவு என்பதை முறைகள் பகுதியில் கட்டாயம் எழுதுங்கள். எழுதாத கட்டுரைகளின் சைக்ளோஸ்போரின் எண்களை என்னால் ஒப்பிட முடிவதில்லை.

இதயத்துடிப்பு:

மருத்துவப் பக்கம் இருந்து பேசுகிறேன். மாரடைப்பில் அடைப்பை நீக்கி ரத்தம் திரும்பும் முதல் சில நிமிடங்களில்தான் இந்தத் துளை திறக்கிறது. அடைப்பு இருக்கும்வரை செல்லுக்குள் அமிலம் ஏறியிருக்கும், அது துளையை மூடிவைக்கும். ரத்தம் வந்ததும் அமிலம் நீங்கும், கால்சியம் பெருகும், வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளின் தாக்குதல் தொடங்கும். கிரிஃபித்ஸும் ஹேல்ஸ்ட்ராப்பும் 1995இல் எலி இதயத்தில் இதைக் காட்டினார்கள்.

2008இல் 58 நோயாளிகளிடம் அடைப்பை நீக்குவதற்குச் சற்று முன் சைக்ளோஸ்போரின் செலுத்தியபோது இதயத்தசைச் சேதம் குறைந்தது. பெரும் நம்பிக்கை பிறந்தது. 2015இல் 970 நோயாளிகளிடம் நடந்த சர்கஸ் சோதனையில் பயன் எதுவும் தெரியவில்லை. அடுத்த ஆண்டு 410 பேரிடம் நடந்த சைக்கிள் சோதனையிலும் அப்படியே. இந்த இழையைப் படித்தபின் கேட்கத் தோன்றுகிறது: நோயாளியின் இதயத்தில் கால்சியச் சுமை மருந்து உயர்த்திய எல்லையையும் தாண்டிவிட்டதா?

மருந்துப்பெட்டி:

அது ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் ஒரே காரணமாக்கிவிட வேண்டாம், டாக்டர். சர்கஸில் பயன்படுத்திய மருந்தின் கரைசல் வடிவம் 2008இல் பயன்படுத்தியது அல்ல. நோயாளிகள் ஏற்கெனவே வேறு மருந்துகளில் இருந்தார்கள். ரத்தம் திரும்பும் அந்தச் சில நிமிடங்களுக்குள் போதிய மருந்து செல்லுக்குள் போய்ச் சேர்ந்ததா என்பதும் கேள்வி. இந்தத் தோல்வியை வைத்துத் துளைக்கே இதயச் சேதத்தில் பங்கில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறான முடிவு. சைக்ளோபிலின் டி நீக்கிய எலிகளில் சேதம் தெளிவாகக் குறைந்தது. அந்த எலிகளில் மருந்து போய்ச் சேர வேண்டிய கட்டாயமே இல்லை, தொடக்கத்தில் இருந்தே எல்லை உயர்ந்திருக்கிறது.

என் பார்வை இது: எல்லையைத் தள்ளிவைக்கும் மருந்தை மட்டும் நம்பி, எவ்வளவு கால்சியம் வந்தாலும் காக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. கால்சியம் உள்ளே வருவதையும் குறைக்க வேண்டும், அல்லது துளையையே அடைக்கும் மருந்து வேண்டும். சைக்ளோபிலினைச் சாராத தடுப்பான்களைத் தேடுவதில் இப்போது பல குழுக்கள் இறங்கியிருப்பது இதனால்தான்.

இதயத்துடிப்பு:

நன்றி. இதுவரை "துளையை அடைக்கும் மருந்து தோற்றது" என்றே மாணவர்களுக்குச் சொல்லி வந்த பாடநூல்கள் திருத்தப்பட வேண்டும். அடைக்கும் மருந்து இன்னும் முறையாகச் சோதிக்கப்படவே இல்லை.

நீலவிளக்கு:

கல்லீரல் எண்களை வைத்து எல்லா உறுப்புகளையும் அளக்க வேண்டாம் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். சைக்ளோபிலின் டி குறைவாக உள்ள திசுக்களில் மருந்தின் பலன் சிறிது. அங்கே சுவாசச் சங்கிலியின் முதல் கூட்டமைப்பைத் தடுக்கும் ரோட்டினோன் சைக்ளோஸ்போரினை விட நன்றாகத் துளையை அடக்குகிறது. ஆகவே சக்சினேட்டை எரிபொருளாகவும் கூடவே ரோட்டினோனும் கொடுத்துச் சுவாசிக்க வைத்தீர்களா, குளுட்டமேட், மாலேட் கொடுத்தா என்பதும் எண்ணை மாற்றும். ஈஸ்டிலும் பழ ஈயிலும் கால்சியத்தை வெளியேற்றும் இதே போன்ற வாசல் இருக்கிறது, அவை சைக்ளோஸ்போரினுக்குச் செவிசாய்ப்பதே இல்லை.

கரைசல்:

எல்லாருக்கும் நன்றி. துளித்துளியாக ஏற்றிப் பார்த்தேன். மருந்தில்லாத மாதிரி சீக்கிரமே கைவிட்டது. மருந்து போட்டது அதைவிட இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாகத் தாங்கி, பிறகு திறந்தது. அக்கா சொன்ன அதே வடிவம். மருந்தோடு அடினோசின் டைபாஸ்பேட்டும், ஏடிபி சின்தேஸைத் தடுக்கும் ஒலிகோமைசினும் சேர்த்தபோது இன்னும் வெகுதூரம் தாங்கியது.

இன்னொரு கேள்வி மட்டும். துளை திறந்த பிறகு சைக்ளோஸ்போரின் போட்டால் மூடுமா? வீக்கக் கோடு திரும்பி ஏறவில்லை.

இழைமணி:

டைபாஸ்பேட் சேர்த்தது நல்ல யோசனை. சைக்ளோஸ்போரினின் பிடி அதோடும் மெக்னீசியத்தோடும் சேரும்போதுதான் நீடிக்கும். தனியாக விட்டால் நேரம் போகப் போகத் தளர்ந்துவிடும்.

உங்கள் கேள்விக்கு: முதலில் அகற்ற வேண்டியது கால்சியத்தை. ஈஜிடிஏ போட்டுக் கால்சியத்தைப் பிடித்தால் துளை மூடுகிறது என்பது ஹன்டர், ஹாவொர்த் காலத்தில் இருந்தே தெரியும். கால்சியம் அப்படியே இருக்க மருந்தை மட்டும் பின்னால் ஊற்றி, மூடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வீக்கக் கோடு திரும்பாததை வைத்து மூடவில்லை என்று முடிவு கட்டவும் முடியாது. திறந்திருந்த நேரத்தில் சுக்ரோஸ் உள்ளே போய்விட்டது, துளை மூடினால் அது உள்ளேயே சிக்கிக்கொள்ளும், வீக்கமும் அப்படியே நிற்கும். குரோம்ப்டன் குழு 1980களில் கதிரியக்கச் சுக்ரோஸை இப்படிச் சிக்கவைத்துத்தான் துளை மூடியதை நிரூபித்தது. உங்களிடம் அந்த வசதி இல்லையென்றால், திறந்தபின் ஈஜிடிஏ போட்டு, சவ்வின் மின்னழுத்தம் திரும்புகிறதா என்று ரோடமின் 123 சாயம் வைத்துப் பாருங்கள். சக்சினேட் போதுமான அளவு இருக்கட்டும். திறந்ததும் தாமதிக்காமல் போடுங்கள், வெளிச்சவ்வு கிழிந்து, சுவாசச் சங்கிலிக்கு வேண்டிய சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியேறிவிட்டால் துளை மூடியிருந்தாலும் மின்னழுத்தம் முழுதாகத் திரும்பாது.